காரணம் என்ற கட்டம்

கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது வியாழன் இரவு.
எல்லாரும் இறங்கி முடிந்த பிறகும்
ஜெபமலர் அந்தப் பலகைப் படியையே பார்த்தபடி கேட்டா:
"ஐயா, இன்னும் ஆக்கள் உள்ளுக்கை இருக்கினமோ?"
இல்லை.
கூட்டாளி ஒருவன் ஒரு கடதாசிப் பொதியைக் கொடுத்தான்.
உள்ளே பாட்டாச் செருப்பு ஒன்று. இடது கால்.

சனி முழுக்கப் பிரசங்கம் எழுதினேன்.
முதல் தாளில் 'தேவ சித்தம்' என்று வந்தது.
பதினேழு வருசப் பழக்கம்,
வண்டில் மாடு தானாய் வீட்டு ஒழுங்கைக்குத் திரும்புமே,
பேனாவும் அப்படித்தான்.
கிழித்தேன்.
இரண்டாம் தாளில் 'மன்னிப்போம்'.
அந்தச் சொல்லோடு அவ வீட்டுப் படலைவரை போனேன்.
வாய் திறக்கவில்லை, முகத்தில் வாசித்துவிட்டா.
"அதை இண்டைக்கு என்ரை வளவுக்குள்ளை கொண்டராதேங்கோ.
எடுத்த பிள்ளையைத் திருப்பித் தந்திட்டுக் கேக்கட்டும்."
படலைக் கொழுக்கி கையில் சுட்டது.
மூன்றாம் தாளில் ஒன்றும் எழுதவில்லை.

ஞாயிறு.
பெட்டி இல்லை. குழி இல்லை.
அளவெட்டி முழுக்கக் கேட்கச் சின்னத்தம்பர் மணி அடித்தார்,
வயதுக்கு ஒரு அடி.
இருபத்தாறில் நிற்கவேண்டும்.
நிற்கவில்லை.
முப்பது, நாற்பது,
அவன் கட்டியிருக்க வேண்டிய கலியாணம்,
நரைத்திருக்க வேண்டிய தலை,
எல்லாவற்றையும் அடித்தார்.
எழுபத்தொன்றில் கயிறு கையை விட்டது.
ஒருவரும் போய்த் தடுக்கவில்லை.

அச்சடித்த ஒழுங்கில் இந்த இடத்தில்
'நித்திரையடைந்தான்' என்று நான் சொல்லவேண்டும்.
தொண்ணூறு வயதுத் தலைமை வாத்தியாருக்குச் சொன்னேன்,
பொருந்தியது.
எட்வின் நவரத்தினம் நித்திரையடையவில்லை.
முழித்திருந்தான்.
திங்கட்கிழமை காலை பத்தரை, வெள்ளவத்தை,
வேலைக்குப் போட்ட சேட்டு.
வாளியைக் காட்டி இதற்கு என்ன பெயர் என்றார்கள்.
சிங்களத்தில்தான் சொன்னான்.
நாக்கு காட்டிக்கொடுத்தது.

புத்தகத்தை மூடினேன்.
"கொல்லப்பட்டான்" என்றேன்.
"தமிழன் என்பதால் கொல்லப்பட்டான்.
எனக்கு வேறை ஒண்டும் தெரியாது. அழுங்கோ."
பீடத்துப் படியில் அங்கியோடு இருந்துவிட்டேன்.

ஒப்பாரி கோயிலுக்குள் ஆகாது.
அது வெள்ளைக்கார மிசன்காரர் வைத்த விதி,
எங்கள் பெண்கள் கைலேஞ்சியைக் கடித்து அழப் பழகி
நாலு தலைமுறை.
அன்றைக்கு ஜெபமலர் மாரில் அடித்தா.
பிறகு இன்னொருத்தி. பிறகு வாங்குகள் தள்ளுப்படும் சத்தம்.
தோளில் தோள் கட்டிச் சுற்றியிருந்து
எங்கிருந்தோ வந்த சொற்களால் அழுதார்கள்.
எனக்குத் தெரியாத சொற்கள்.
நான் வேதசாத்திரம் படித்த இடத்தில்
அவற்றுக்குப் பாடம் இல்லை.

கடைசி வாங்கில் குசுமா நின்றா,
மணிக்கூடு திருத்தும் யோகநாதனின் மனுசி.
தம்புத்தேகமவில் பிறந்தவ.
தனக்கு அழ உரிமை இருக்கோ என்று தெரியாமல்
சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்திருந்தா.
வாசலில் நின்ற பொடியன்களில் ஒருவன்
எனக்குக் கேட்கவே சொன்னான்:
"இவ ஏன் இஞ்சை?"
மறுமொழி என்னிடம் இருக்கவில்லை.
எழும்பி நடந்துபோய் அவவுக்குப் பக்கத்தில் நின்றேன்.
அது பிரசங்கமில்லை.
நிற்கிற இடத்தை மாற்றினேன், அவ்வளவுதான்.
ஜெபமலர் கண்டா. முகத்தைத் திருப்பிக்கொண்டா.
அதையும் நான் தடுக்கவில்லை.

இரவு, லாம்பு வெளிச்சத்தில், மரணப் பதிவேடு.
எனக்கு முன்னிருந்த ஐயர்மாரின் சரிந்த எழுத்தில்
காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி, முதுமை, முதுமை.
அடக்கம் செய்த இடம்: வெறுமையாக விட்டேன்.
காரணம்:
கட்டம் ஒரு விரல் அகலம்.
நான் எழுதிய வசனம் அதற்குள் அடங்காமல்
குருவானவர் ஒப்பமிடும் கட்டத்துக்குள் போய் விழுந்தது.
அதன்மேலேயே ஒப்பமிட்டேன்.